நோட்டுப் புத்தக வரிசை ஏன் குறையவில்லை?

கேள்வி: கடலூர் முதுநகரில் எங்கள் குடும்பப் பெயரில் ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 12 லட்ச ரூபாய் வரவு. ஜூன் மாதம் நோட்டு, சீருடை கொடுப்போம். புயல், வெள்ளம் என்றால் அரிசி, பாய், போர்வை. பதினைந்து வருடமாக இப்படித்தான். கிள்ளைப் பக்கத்து இருளர் குடியிருப்பில், அன்று எங்களிடம் நோட்டு வாங்கிய பெண் இன்று தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதே வரிசையில் நிற்கிறார். "இந்த வரிசையே தேவைப்படாதபடி ஏதாவது செய்யக் கூடாதா அப்பா?" என்று என் மகள் கேட்கிறாள். பல வருட வேலைக்குப் பணம் கொடுக்க முடியுமா? வருமான வரியில் மாட்டிக்கொள்வோமா? எதற்கு, எவ்வளவு, எப்படி?

பதில்: கொடுக்கலாம், சட்டம் குறுக்கே நிற்கவில்லை. தொகையைக்கூடக் கூட்ட வேண்டாம், அது செய்கிற வேலையை மாற்றினால் போதும். இதுவரை உங்கள் பணம் பொருள் வாங்கியது. இனி அதில் பெரும்பகுதி சம்பளமாகப் போக வேண்டும், ஒரே ஒரு தடையை நான்கைந்து வருடம் விடாமல் துரத்துகிற ஆட்களுக்கு.

இங்கேதான் பெரும்பாலான கொடையாளர்களின் கை நின்றுவிடும். "நிர்வாகச் செலவுக்கு நாங்கள் தருவதில்லை" என்று பெருமையாகவே சொல்வார்கள். வடலூர் தருமசாலையில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே மூட்டை இறக்குகிறவர், அரிசிக்குத்தான் தருவேன், விறகுக்குத் தரமாட்டேன் என்று சொல்வதுண்டா? களப்பணியாளர் சம்பளம்தான் இந்த வேலையின் விறகு.

முதலில் தடை எது என்று கண்டுபிடியுங்கள். அதற்கான ஆவணம் உங்களிடமே இருக்கிறது: பதினைந்து வருட நோட்டு விநியோகப் பதிவேடு. பத்து வருடத்துக்கு முந்தைய பக்கத்திலிருந்து 40 பெயர்களை எடுங்கள். ஒவ்வொருவரும் எந்த வகுப்பில் நின்றார், ஏன் நின்றார், இப்போது என்ன செய்கிறார் என்று வீட்டுக்குப் போய் விசாரித்து எழுதுங்கள். இரண்டு பேர் ஒரு மாதம் அலைந்தால் முடிந்துவிடும் வேலை. 40 வீட்டில் நாற்பது காரணம் வராது. நான்கைந்துதான் திரும்பத் திரும்ப வரும். அதில் ஒன்றை மட்டும் கையில் எடுங்கள். குடி, குழந்தைத் திருமணம், வேலையின்மை என்று எல்லாவற்றையும் சேர்த்து அள்ளினால் எதுவும் நகராது.

இருளர் குடியிருப்புகளில் அடிக்கடி எதிர்ப்படும் காரணம் எஸ்.டி. சாதிச் சான்றிதழ். அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு தாசில்தார் சான்று தருகிறார். பழங்குடியினருக்கோ, 1989 நவம்பருக்குப் பின், கோட்டாட்சியர்தான் தர வேண்டும். கடலூர் மாவட்டத்தில் கோட்டங்கள் மூன்று: கடலூர், சிதம்பரம், விருத்தாசலம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த பிறகு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று படிப்படியாக ஏறி கோட்டாட்சியர் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். அப்பாவிடம் சான்றிதழ் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அப்பா பள்ளிக்கூடமே போனதில்லை. குடிசை புறம்போக்கில் இருப்பதால் பட்டா இல்லை. இருந்த ஒன்றிரண்டு காகிதங்களும் ஏதோ ஒரு வெள்ளத்தில் போயிருக்கும். இவர் இருளர்தானா என்று நேரில் விசாரிக்காமல் கையெழுத்துப் போட அதிகாரிக்கும் பயம். பின்னால் போலிச் சான்று என்று புகார் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆக, யாரும் மறுக்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. மனு கிடக்கிறது. பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு உதவித்தொகையும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை. நீங்கள் கொடுத்த நோட்டு எதுவும் அந்த மேசையைத் தாண்டாது.

கோட்டாட்சியர் மேசைக்கு மேலேயும் ஒரு படி உண்டு: சட்டம். புதுச்சேரியில் 2016 டிசம்பர் வரை பழங்குடிப் பட்டியலே கிடையாது. எல்லைக்கு இந்தப் பக்கம் எஸ்.டி.யாக இருந்த இருளர், அந்தப் பக்கம் எஸ்.டி. இல்லை. குடியரசுத் தலைவர் ஆணை வந்து வில்லி, வேட்டைக்காரன் உட்பட இருளர் பட்டியலில் சேர்ந்த பிறகுதான் அது மாறியது. ஆயிரம் குடும்பங்களுக்குத் தனித்தனியாக உதவினாலும் கிடைக்காத ஒன்று, ஆணையில் ஒரு வரி சேர்ந்ததும் கிடைக்கிறது. அமைப்பு மாற்றம் என்று பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான். சில இடங்களில் சட்டமே மாற வேண்டியிருக்கும். உங்கள் விஷயத்தில் சட்டம் சரியாகத்தான் இருக்கிறது, அலுவலக நடைமுறைதான் மாற வேண்டும். ஒரு சிறிய அறக்கட்டளைக்கு எட்டுகிற உயரம்தான் அது.

இனி பணம். இந்த வேலையை நீங்களே நடத்த வேண்டாம். அந்தக் குடியிருப்புகளில் ஏற்கெனவே வேலை செய்கிற ஓர் உள்ளூர் அமைப்பைத் தேடுங்கள். 12 ஏபி பதிவு (வருமான வரி விலக்குக்கானது), மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, தர்பண் எண் (தொண்டு அமைப்புகளுக்கான அரசுத் தளத்தின் பதிவு எண்) மூன்றையும் பாருங்கள். அதற்கு மேல் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த எந்த மனு தோற்றது, ஏன்?" எல்லாமே ஜெயித்தது என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. சம்பளம், செலவு ஊருக்கு ஊர் மாறும், ஆனாலும் ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். களப்பணியாளர் இருவர், மாதம் 18,000 வீதம், ஆண்டுக்கு 4,32,000. அவர்களில் ஒருவராவது அந்தச் சமூகத்துப் பெண்ணாக இருப்பது நல்லது. இருவருக்கும் பெட்ரோல், பஸ் செலவு மாதம் 3,000 வீதம் 72,000. மனு, மேல்முறையீடு பார்க்கும் வழக்கறிஞருக்கு மாதம் 10,000, ஆண்டுக்கு 1,20,000. வாடகை, போன், கணக்கர் என்று மாதம் 8,000, ஆண்டுக்கு 96,000. ஜெராக்ஸ், லேமினேஷன், குடியிருப்புக் கூட்டங்களுக்கு 40,000. கூட்டினால் 7,60,000. மீதி 4,40,000-இல் 4 லட்சத்தை நோட்டுக்கும் கல்லூரி முதல் வருடச் சேர்க்கை உதவிக்கும் நீங்களே நேரடியாகச் செலவிடுங்கள். நோட்டுக் கொடுப்பதை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், அந்த வரிசைதான் உங்களுக்கும் அந்தக் குடும்பங்களுக்கும் உள்ள பழக்கம். 40,000 புயல் ஒதுக்கீடு. இதை ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இது தனியாக இல்லாவிட்டால், தானே, ஃபெஞ்சல் மாதிரி அடுத்தது வரும்போது களப்பணியாளர் சம்பளத்தில்தான் கை வைப்பீர்கள்.

அந்த அமைப்பின் மொத்த வரவில் உங்கள் பங்கு பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து லட்சத்தில் ஓடுகிற அமைப்புக்கு ஏழரை லட்சத்தைத் திடீரென்று கொட்டினால் கணக்கு வைப்பதிலேயே மூச்சு முட்டிவிடும், நீங்கள் விலகும் நாளில் அமைப்பே விழுந்துவிடும். தொகை பெரிதாகப்பட்டால் இன்னும் இரண்டு அறக்கட்டளைகளைச் சேர்த்துக்கொண்டு மூவருக்கும் ஒரே அறிக்கை என்று பேசி முடியுங்கள்.

வருமான வரிக்கு வருவோம். அறக்கட்டளை தன் வரவில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 12 லட்சத்துக்கு அது 10.20 லட்சம். பலர் வழுக்குகிற இடம் வேறு. வேறொரு பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கொடுக்கும் தொகையில், 2023 ஏப்ரல் முதல், 85 சதவீதம் மட்டுமே செலவாகக் கணக்கில் வரும். 10.20 லட்சத்தை அப்படியே தூக்கி இன்னோர் அமைப்பிடம் கொடுத்துவிட்டு முடிந்தது என்று இருந்தால், கணக்கில் ஏறுவது 8.67 லட்சம்தான். 1.53 லட்சம் துண்டு விழும். மேலே போட்ட கணக்கில் 7.60 லட்சத்துக்கு 6.46 வரும், நேரடிச் செலவு 4 லட்சத்தைச் சேர்த்தால் 10.46. தப்பித்தீர்கள்.

அந்த அமைப்புக்கு முதலில் மூன்று வருட உறுதி கொடுங்கள். அதனால் மூன்று வருடப் பணத்தையும் இன்றே ஒதுக்கி வைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. அந்தந்த ஆண்டு வரவிலிருந்து அந்தந்த ஆண்டு கொடுத்தால் போதும். படிவம் 10 போட்டு, செலவாகாத வரவை ஐந்து வருடம் வரை சேர்த்து வைக்கும் வழி இருக்கிறதே என்று உங்கள் ஆடிட்டர் சொல்லலாம். அப்படிச் சேர்த்த பணத்தைப் பிறகு வேறு பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கொடுக்க முடியாது, நீங்களே செலவிட வேண்டும். ஆகவே இந்தத் திட்டத்துக்கு அது ஒத்துவராது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. படிவங்களைப் புது எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

புதுச்சேரிப் பக்கம் சொந்தம் இருந்தால் இன்னொன்று. பாரீஸில் இருக்கும் சித்தப்பா பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், அவர் தருகிற பணம் வெளிநாட்டு நன்கொடைதான். ஊருக்கு வந்தபோது ரூபாயாகவே கையில் கொடுத்தாலும் அப்படித்தான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் தொடக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு இருந்தாலும் அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்க்கும் மச்சான் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனி ஏதாவது சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதியோடு சேர முன்வந்தால் வரவேற்கலாம். ஆரம்பித்த ஆண்டு போக மூன்று ஆண்டு வரை ஓடுகிற திட்டத்துக்கு விதியில் இடமிருக்கிறது. "நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான்" என்று களப்பணியாளர் சம்பளத்தை வெட்ட வந்தால், அந்த வரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்குத்தான் என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

உறுதிக் கடிதம் ஒரு பக்கம் போதும், ஆனால் அதில் சில வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். மூன்று வருடம், ஆண்டுக்கு இவ்வளவு. ஏப்ரலில் பாதி, அக்டோபரில் பாதி. 15 சதவீதம் வரை தலைப்பு மாற்றிச் செலவு செய்ய எங்களைக் கேட்க வேண்டாம். நிறுத்துவதானால் ஒரு வருடம் முன்னால் சொல்வோம், கடைசி வருடம் பாதித் தொகை தருவோம். ஏப்ரல் தவணை ஜூலைக்குத் தள்ளிப்போனால் என்ன ஆகும் தெரியுமா? மூன்று மாதம் சம்பளம் இல்லாத களப்பணியாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவர் தலைக்குள் இருந்த எந்தக் கோப்பு எந்த மேசையில் என்ற விவரமும் கூடவே போய்விடும். புதியவர் அதைப் பிடிக்க ஆறு மாதம்.

உங்கள் தரப்பிலிருந்து வரக்கூடிய கெடுதல் இரண்டு. ஒன்று பேனர். சான்றிதழ் கொடுக்கும் விழாவில் அறக்கட்டளைப் பெயரைக் கட்டினால் அதிகாரி கூச்சப்பட்டு ஒதுங்குவார், அடுத்த முகாமுக்கு வரமாட்டார். சாதிச் சான்றோடு ஒரு பெண் பிள்ளையின் படத்தைப் போடுவதும் வேண்டாம். இரண்டாவது, தெரிந்த எம்.எல்.ஏ.வுக்குப் போன். உங்கள் ஒரு போனில் பத்துச் சான்றிதழ் வந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் பதினோராவது பெண்ணுக்கும் போன் வேண்டும் என்று அந்த அலுவலகம் கற்றுக்கொள்ளும். தடையை நீங்களே கெட்டிப்படுத்தியதாகிவிடும். "இதரச் செலவு" என்று கையூட்டு வவுச்சர் வந்தால் அன்றே நிறுத்திப் பேசுங்கள், காரணம் இதேதான்.

போனுக்குப் பதிலாகச் செய்ய வேண்டியது மெதுவான வேலை. ஒவ்வொரு மனுவுக்கும் எண், எந்த மேசையில் எத்தனை நாள் என்று ஒரு பேரேடு. மறுப்பு என்றால் எழுத்தில் காரணம், அது இருந்தால்தான் மேல்முறையீடு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 10 ரூபாய் கட்டணத்தில், கோட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு: எஸ்.டி. விண்ணப்பம் வந்தது எத்தனை, கொடுத்தது, மறுத்தது, நிலுவை எத்தனை. 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தப் பட்டியலோடு திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குப் போய், தனி மனுவாக அல்லாமல் "குடியிருப்பிலேயே விசாரணை முகாம் நடத்துங்கள்" என்று கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை உண்டு, அங்கே தீர்மானமும் போடலாம். புதுச்சேரிப் பக்கம் இதே வேலையை விரித்தால் இந்தக் கடைசி வழி சரிவராது. அங்கே உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-இல், கேள்வி கேட்க ஊராட்சித் தலைவரே இல்லை.

முதல் வருட அறிக்கையில் எத்தனை சான்றிதழ் என்று கேட்காதீர்கள். எத்தனை மனு பதிவானது, எங்கே தேங்குகிறது என்று தெரிந்தாலே லாபம். இரண்டாம் வருடம், மறுப்புகள் எழுத்தில் வருகின்றனவா, நாட்கள் குறைகின்றனவா என்று பாருங்கள். மூன்றாம் வருடம், அலுவலகம் தானாக முகாம் போட்டதா, அண்ணனின் சான்றை வைத்துத் தங்கைக்குக் கேள்வியில்லாமல் கொடுத்தார்களா என்று பாருங்கள். மூன்று முடிந்ததும் இன்னும் இரண்டு வருடம் நீட்டலாம். ஐந்தாம் வருடம் களப்பணியாளர் பேரேட்டில் ஒரு பத்தி மட்டும் பாருங்கள்: அவர் கூடப் போகாமலே சான்றிதழ் வாங்கி வந்த குடும்பங்கள் எத்தனை. அது பூஜ்யமாக இருந்தால் ஆறாம் வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அந்த அமைப்போடும் குடியிருப்புப் பெண்களோடும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசிவிடுங்கள்.