ம் கொட்டாத நண்பர்கள்

வணக்கம். என் நண்பர்கள் எல்லோரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். தினமும் குறுஞ்செய்தி, வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பு. ‘நீ பழகுவது திரையோடு, மனிதர்களோடு அல்ல’ என்கிறார் அண்ணன். அழைப்பு முடிந்ததும் எனக்கும் ஏனோ சலிப்பாகத்தான் இருக்கிறது. அண்ணன் சொல்வது சரியா?
— கே.

அன்புள்ள கே.,

அண்ணனை விடுங்கள். கடிதம் எழுதியே வளர்ந்த நட்பை யாரும் தாளோடு கொண்ட நட்பு என்று சொன்னதில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சலிப்புதான். கொஞ்ச நாளாக நானும் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேரில் கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் நடுவே சராசரி இடைவெளி சுமார் 200 மில்லிநொடி. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வந்த ஆய்வு இது. இணைய அழைப்பில் குரல் போய்ச் சேரவே சில சமயம் அவ்வளவு நேரம் ஆகும். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அது கூடும்போது நாம் இணைப்பைக் குறை சொல்வதில்லை. ‘இவன் கவனிக்கவே இல்லை’ என்று ஆளைத்தான் நொந்துகொள்கிறோம்.

அதைவிடப் பெரிய இழப்பு ‘ம்’. கதை கேட்பவர் ம் கொட்டாவிட்டால் சொல்பவருக்குச் சுருதி இறங்கிவிடும். ஸ்பீக்கரில் பேசும்போது நடப்பதைப் பாருங்கள்: உங்கள் குரல் நண்பரின் ஸ்பீக்கரிலிருந்து அவருடைய மைக்குக்குள்ளேயே திரும்பப் போகிறது. அந்த எதிரொலியை மென்பொருள் கழிக்கிறது. அதே நொடியில் அவர் மெல்ல ‘ம்’ என்றால் எது எதிரொலி, எது அவர் குரல் என்று பிரிக்கத் திணறி, அதையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது. அதில் தப்பியதை, பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி விழுங்கிவிடலாம். அவர் ம் கொட்டிக்கொண்டேதான் இருக்கிறார், உங்களுக்குத்தான் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. மணிக்கணக்கில் இப்படிப் பேசினால் சலிக்காமல் என்ன செய்யும்?

மருந்து எளிது. நீங்களும் நண்பரும் இயர்போன் போடுங்கள். ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் போகாது, மென்பொருளுக்கும் வெட்டும் வேலை குறையும். கம்பி வைத்ததே நல்லது, புளூடூத் தன் பங்குக்குத் தாமதத்தைக் கூட்டும். நண்பரின் முகம் தெரியும் சன்னலைக் கேமராவுக்கு நேர் கீழே இழுத்து வையுங்கள், பார்வை ஓரளவு பொருந்தும். உங்கள் முகத்தை நீங்களே பார்த்துக்கொண்டிருக்கும் கட்டத்தை மறைத்துவிடுங்கள். கண்ணாடி முன் நின்றுகொண்டு யாராவது மனம்விட்டுப் பேசுவார்களா?

இருவர் மட்டும் பேசும்போது மியூட் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அலுவலகக் கூட்டமா நடக்கிறது? மின்விசிறிச் சத்தம் வரட்டுமே! கிண்டலையும் சண்டையையும் எழுத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். தொனி போய்ச் சேர்ந்துவிட்டது என்று எழுதியவர் நம்புகிற அளவுக்கு அது சேர்வதில்லை. ஒரு செய்திக்கு மூன்றாம் முறை விளக்கம் எழுத வேண்டிவந்தால் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். வீடியோகூட வேண்டாம், குரல் போதும்.

இவ்வளவும் செய்தபின் சலிப்பு மிச்சமிருந்தால் மறுபடி எழுதுங்கள்.