மொட்டை போட்ட பிறகு டர்பன் கட்டிக்கொண்டு ஆபீஸ் போனால் மதுரையில் விசித்திரமாகப் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள், பொய் சொல்ல மாட்டேன். முதல் மூன்று நாள் பஸ் ஸ்டாப், லிஃப்ட், டீக்கடை என்று போகிற இடமெல்லாம் பார்ப்பார்கள். நாலாவது நாள் பழகிவிடும், அந்த வாரக் கடைசியில் யாராவது ஒருத்தி "அக்கா, இது எங்க வாங்குனீங்க" என்று கேட்பாள். பழனியில் முழு மொட்டை, பத்தாவது நாள் வேலைக்குப் போகணும், விக் பிடிக்காது, ஸ்கார்ஃப் கட்டினால் நன்றாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கட்டலாம். என்ன துணி, எப்படிக் கட்டுவது என்பதில் நான் பட்ட பாடு உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு அழகர் கோயில் வேண்டுதல். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் முடி இறக்குகிறேன் என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து நேர்ந்துகொண்டேன். பிழைத்து எழுந்த அம்மாவே "பூமுடி குடுத்தாப் போதும்டி, அழகர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள். பூமுடி என்றால் நுனியில் கொஞ்சம் முடி மட்டும் வெட்டிக் கொடுப்பது. நேர்ந்தது முழுசாகத்தானே, அதனால் நான் கேட்கவில்லை. இடுப்பு வரைக்கும் இருந்த முடி அது. வேலை பைபாஸ் ரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில், நாள் முழுக்க ஆட்கள் வந்து போகிற இடம், அதுவும் மே மாதம்.

முதலில் ஆன்லைனில் பளபளவென்று ஒரு சாட்டின் ஸ்கார்ஃப் வாங்கினேன். வீடியோ பார்த்துப் பார்த்து முக்கால் மணி நேரம் கட்டினேன், கண்ணாடியில் ராணி மாதிரி இருந்தது. பதினொரு மணிக்கு வவுச்சர் பதிவு செய்துகொண்டிருக்கும்போது மொத்தமும் வழுக்கிக்கொண்டு கண் மேல் வந்து விழுந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த அரிசி மண்டிக்காரர் பாவம், சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் கேட்டு எழுந்து போனார். பிறகுதான் உறைத்தது, அந்த வீடியோக்களில் கட்டுகிற எல்லோருக்கும் உள்ளே ஒரு கொண்டை இருக்கிறது. துணி நிற்பது கொண்டையின் தயவில். சவரம் பண்ணிய தலையில் சாட்டினும் சிந்தெடிக்கும் ஒரு நாளும் நிற்காது.

வழி காட்டியது எங்கள் அப்பத்தா. மேலூர்ப் பக்கம், நடவு, களையெடுப்பு, அப்புறம் நூறு நாள் வேலை என்று ஆயுசு முழுக்கத் தலையில் துண்டோடு இருந்த மனுஷி. நான் பட்ட கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "குனிஞ்சு நாத்து நட்டாக்கூட துண்டு விழுகாது, நீ நாக்காலியில உக்காந்து விழுக வச்சுட்டு வந்துருக்க" என்றது. என் பின்மண்டையைத் தடவி ஒரு இடத்தில் விரலை அழுத்தியது. பிடரிக்கு மேலே ஒரு மேடு இருக்கிறது பாருங்கள், நீங்களும் இப்போதே தடவிப் பார்க்கலாம். கட்டு அந்த மேட்டுக்குக் கீழே பிடித்து இறுக வேண்டும். மேலே கட்டினால் வழுக்கும், கீழே கட்டினால் அந்த மேடே கொண்டையின் வேலையைச் செய்யும். அவ்வளவுதான் ரகசியம்.

செய்முறை இதுதான். துணியை நெற்றியில் புருவத்துக்கு மூன்று விரல் மேலே வைத்து, தலை முழுக்க மூடி, இரண்டு பக்கத்து நுனியையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், தொங்குகிற துணிக்கு மேலாக மேட்டுக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்று போட்டு இழுங்கள். பிறகு ஒவ்வொரு நுனியையும் வைக்கோல் பிரி திரிப்பது மாதிரி நன்றாக முறுக்கி முன்னால் கொண்டுவந்து, நெற்றிக்கு மேலே ஒரு மாற்று மாற்றி, மறுபடி பின்னால் கொண்டுபோய்ச் செருகிவிடுங்கள். பின்னால் தொங்குகிற மிச்சத்தை மடித்து உள்ளே தள்ளி ஒரு ஊக்கு. முறுக்காமல் தட்டையாகச் சுற்றினால் மதியத்துக்குள் தளர்ந்துவிடும். மொட்டைத் தலையில் கட்டினால் தட்டையாக, காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி தெரிகிறதே என்று எனக்கு ஒரு குறை இருந்தது. அதற்கும் அப்பத்தாதான், பழைய வேட்டித் துணியில் சின்னதாக ஒரு சும்மாடு திரித்து உச்சியில் வைத்து அதற்கு மேலே கட்டிவிட்டது. தண்ணிக் குடம் வைக்கிற அதே சும்மாடுதான், அளவு மட்டும் பாதி. பார்க்கிறவர்கள் உள்ளே முடி இருக்கிறது என்றே நினைத்தார்கள்.

இன்னொன்று, காஜிமார் தெருவில் இருக்கும் என் தோழி ஹிஜாப்புக்கு உள்ளே போடுகிற பருத்தித் தொப்பி இரண்டு கொடுத்தாள். முதல் சில நாள், தலை வழவழவென்று இருக்கும்போது, அதைப் போட்டு மேலே கட்டினால் நகரவே நகராது. அதற்கப்புறம் முள்ளு முள்ளாக முடி முளைத்ததும் பருத்தித் துணி தானே கவ்விக்கொள்ளும். சந்தனம் பூசியிருக்கிற நாட்களில் மட்டும் நல்ல துணி எதையும் கட்டாதீர்கள், கறை போகாது.

துணி என்றால் என் ஓட்டு சுங்குடிக்குத்தான். நம்ம ஊர்க்காரி என்பதால் மட்டும் சொல்லவில்லை. மெல்லிய பருத்தி, வேர்வையை உறிஞ்சும், புள்ளி போட்டிருப்பதால் வேறு அலங்காரமே தேவைப்படாது. விரல் நுனியால் துணியைக் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி எடுத்துப் பிரிப்பது சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை, 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைகளில் இப்போது அதிகம் இருப்பது அச்சுப் புள்ளிதான், தலைக்குக் கட்ட அதுவும் போதும். கை முடிச்சில் புள்ளிகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், துணியில் லேசான சுருக்கமும் இருக்கும், அந்தச் சுருக்கம் தலையில் நன்றாகப் பிடிக்கும். ஐந்தரை மீட்டர் சேலையை மூன்றாக வெட்டி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் ஆறு துண்டு. ஓரம் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஆயிற்று.

ஆனால் தயவுசெய்து துவைக்காமல் கட்டாதீர்கள். நான் புது அரக்குக் கலர் சுங்குடியை ஆசை ஆசையாய் அப்படியே கட்டிக்கொண்டு கத்திரி வெயிலில் வண்டியில் போனேன். காளவாசல் சிக்னலில் நின்றபோது வேர்வையோடு சாயமும் சேர்ந்து நெற்றியில் சிவப்பாக வழிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. பக்கத்து ஆட்டோக்காரர் "அம்மா, மண்டை உடைஞ்சுருச்சும்மா, ஓரங்கட்டு" என்று கத்த, நாலு பேர் கூடி, ஒருவர் சோடா வாங்க ஓடி... வீட்டுக்குப் போய்க் குளித்தும் தலை இரண்டு நாள் ரோஸ் கலராகத்தான் இருந்தது. புதுச் சுங்குடியை உப்புத் தண்ணீரில் தனியாக நாலு தடவை அலசிய பிறகு, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். கலர் ஒட்டவில்லை என்றால் கட்டலாம்.

ஹெல்மெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்னால் மாற்று முறுக்கெல்லாம் வைத்தால் ஹெல்மெட் இறங்காது. சட்டத்தில் விலக்கு தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்குத்தான், நமக்கு இல்லை. வண்டியில் போகும்போது தொப்பியும் தட்டையாக ஒரு முக்கோணக் கட்டும் போதும், ஆபீஸ் போய் டர்பன் கட்ட இரண்டு நிமிடம்தான்.

உறவுக்காரர்கள் பேசுவார்கள். குடும்பத் தலைவர் ஒருவருக்கு இவ்வளவு என்று ஊரில் வாங்குகிற தலைக்கட்டு வரிக்காக வந்த ஊர்ப் பெரியப்பா என்னைப் பார்த்துவிட்டு, "உருமா கட்டியாச்சு, இனி உனக்கும் ஒரு தலைக்கட்டு எழுதிரவா?" என்று கேட்டார். "எழுதுங்க பெரியப்பா, முதல் மரியாதையும் குடுத்துருங்க" என்றேன். சித்தப்பா ஒருவர் மட்டும் இது வெள்ளைக்காரி ஸ்டைல் என்று முகத்தைச் சுளித்தார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், எங்காவது உதவும். சென்னைக் கரையோரத் தறிகளில் நெய்த கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி, கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போய், அங்கே பெண்களின் தலையில் ஏறியது. மார்டினிக், குவாதலூப் தீவுகளில் அந்தத் துணிக்கு இன்றைக்கும் பெயர் மட்ராஸ்தான். கட்டில் ஒரு முனை நின்றால் மனசு காலி, இரண்டு நின்றால் ஆள் இருக்கிறது, மூன்று என்றால் கல்யாணம் ஆகிவிட்டது என்று அங்கே கணக்கு உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 1786இல் எஸ்தபான் மிரோ என்ற ஸ்பானிய ஆளுநர், கறுப்பினப் பெண்கள் அலங்காரமாக முடி காட்டக் கூடாது, துணியால் கட்டித்தான் ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்கள் அந்தத் துணியையே நல்ல நல்ல கலரில் எடுத்து, நகையும் இறகும் குத்தி, முன்னைவிட அழகாகக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். சித்தப்பா "ம்ம்" என்றார், அதற்கு மேல் பேசவில்லை.

மேட்சிங் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். தலையில் புள்ளி என்றால் சேலையோ சுடிதாரோ ஒரே கலராக இருக்கட்டும். முடி இல்லாததால் காதும் கழுத்தும் பளிச்சென்று தெரியும், பெட்டியில் தூங்குகிற பெரிய ஜிமிக்கியை எடுத்துப் போட இதைவிட நல்ல சமயம் வராது. பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிட்டுத் தலைக்குக் காற்று விடுங்கள், நாள் முழுக்க இறுக்கி வைத்தால் நெற்றி வலிக்கும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் முடி வளரும், அதனால் மூணு நாலு மாதத்துக்குத் துணி தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையில் கஷ்டமாக இருந்தது பூதான். மதுரையில் இருந்துகொண்டு மல்லி வைக்க முடியாது என்றால் எப்படி? ஆபீஸ் முக்குல இருக்கிற பூக்கார அக்கா முதல் வாரம் என்னைப் பார்த்ததும் கூடையைத் துணியால் மூடிக்கொண்டது, நான் சங்கடப்படுவேன் என்று. அடுத்த வாரம் நானே போய் நின்றேன். என் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, முழத்துக்கு நீட்டிய கையைப் பாதியில் மடக்கி அரை முழம் கிள்ளி, முறுக்கின மடிப்புக்குள்ளே செருகி, "ஊக்கு இருக்கா தாயி?" என்று கேட்டது.