மூலிகை நெய் கொடுத்தால் பேச்சு வருமா?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 4 மாதம் ஆகிறது. 20-ஆவது மாதத்தில்தான் நடந்தான். 'அம்மா' என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொல்கிறார் மாமியார். உறவினர் ஒருவர் பிராமி நெய்யும், தங்க பஸ்பம் சேர்த்ததாகச் சொல்லும் லேகியமும் கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: லேகியத்தை இப்போதே நிறுத்திவையுங்கள். 2004-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வொன்றில், பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றாவது இருந்தது. வளரும் மூளையை ஈயம் நிரந்தரமாகப் பாதிக்கும் என்பதால், பேச்சு வரவேண்டும் என்று கொடுப்பதே பேச்சைக் கெடுத்துவிடக் கூடும். வசம்பும் வேண்டாம்; அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் விலங்குச் சோதனைகளில் புற்றுநோய்க் கட்டிகளை உண்டாக்கியது. பிராமி நெய்யைப் பொறுத்தவரை, பேச்சுத் தாமதத்தை அது சரிசெய்யும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. (பிராமி என்ற பெயரில் சிலர் நீர்ப்பிரமியையும் சிலர் வல்லாரையையும் சேர்க்கிறார்கள் என்பது தனிக் குழப்பம்.)

ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் ஒன்று குழந்தை மருத்துவம். அதற்குரிய பழைய நூலான காசியப சம்ஹிதை, ஒரு வயதாகியும் நடக்காத நிலையை வடமொழியில் 'பக்க' (phakka) நோய் என்று அழைத்து, அது தாய்ப்பாலால் வந்ததா, கருவிலேயே வந்ததா, வேறு நோயால் வந்ததா என்று மூன்றாகப் பிரிக்கிறது. மருந்தோடு, குழந்தை பிடித்துக்கொண்டு நடந்து பழக மூன்று சக்கர வண்டியும் செய்துதரச் சொல்கிறது. காரணத்தைப் பார், பயிற்சி கொடு என்ற அந்த அணுகுமுறையைத்தான் நான் மதிக்கிறேன்.

முதலில் செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். கதவு அறையும் சத்தத்துக்குத் திரும்பும் குழந்தைக்கும் 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். தைராய்டு பற்றாக்குறையாலும் வளர்ச்சி தாமதமாகலாம்; அதை இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, வேண்டியதைச் சுட்டிக்காட்டுகிறானா என்பதைக் கவனித்து குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காரணம் தெரியும்வரை காத்திராமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

எண்ணெய் தேய்த்துவிடுவதில் தவறில்லை. தேய்க்கும்போது 'கை', 'கால்', 'விரல்' என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அவன் வாய் திறக்கச் சற்று இடம் விடுங்கள். லேகியத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தால், அந்தப் புட்டியையும் மருத்துவரிடம் எடுத்துச் சென்று, இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கக் கேளுங்கள்.