சொத்து வரி ஏறிவிட்டது, ஆளைக் குறைக்கலாமா?

கேள்வி: வாடகைக் கட்டடத்தில் 12 பேரை வைத்துத் தையல் கூடம் நடத்துகிறேன். நகராட்சி சொத்து வரியை ஏற்றியதும் கட்டட உரிமையாளர் வாடகையைக் கூட்டிக் கேட்கிறார். ஆளைக் குறைப்பதா, நகர எல்லைக்கு வெளியே போய்விடுவதா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். மொத்தச் செலவில் வாடகை பத்தில் ஒரு பங்கு, அது 10 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், கூடுதல் சுமை 1 சதவீதம்தான். அதற்காகக் கைதேர்ந்த ஒருவரை அனுப்பிவிட்டு, பிறகு புது ஆளைப் பழக்க நேர்ந்தால் நஷ்டம் அதைவிடப் பெரிது.

அப்புறம், முழு வரியையும் உங்கள் தலையில் கட்ட உரிமையாளரால் முடியுமா என்பதே சந்தேகம். மனையைத் தூக்கிக்கொண்டு அவர் வேறு ஊருக்குப் போக முடியாது. அக்கம்பக்கத்தில் காலி இடம் இருந்தால் தயங்காமல் பேரம் பேசுங்கள்.

வேலைவாய்ப்பை நேராகக் கடிப்பது சம்பளத்தின் மீது போடும் உள்ளூர் வரி. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 1939-இல் அதைக் கொண்டுவந்தது. வெளியிலிருந்து வந்து வேலை செய்பவரும் கட்ட வேண்டும். நிறுவனங்கள் எல்லை தாண்டிப் போக அதுவும் ஒரு காரணம் என்று பொருளியலாளர்கள் சொல்லிவந்தார்கள். 1990களின் நடுவிலிருந்து நகரமே விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறது.

சரி, வரி எவ்வளவு என்பதைவிட, எங்கே போகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். கடைசிப் பேருந்து எட்டரைக்கே போய்விட்டால் இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் கிடைக்காது. ஒரு மழைக்கு வாசலில் சாக்கடை பொங்கினால் துணிக்கட்டு நனையும், அன்றைய வேலை போச்சு. இதையெல்லாம் சரிசெய்யும் வரி போட்ட காசைத் திருப்பித் தந்துவிடும். பழைய கடனை அடைக்கப் போகும் வரி அப்படியல்ல. அதே அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1950-இல் 18 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஆலைகளும் மக்களும் வெளியேற வெளியேற, மிஞ்சியவர்கள் மீது சுமை ஏறியது. 2013-இல் நகரம் திவாலானபோது சுமார் 7 லட்சம் பேர்தான் இருந்தார்கள். தெருவிளக்குகளில் ஏறக்குறைய 40 சதவீதம் எரியவில்லை.

எனவே நகராட்சியின் வரவு செலவு அறிக்கையைப் பாருங்கள். வடிகாலுக்கும் பேருந்துக்கும் ஒதுக்கீடு கூடியிருந்தால் இருந்த இடத்திலேயே இருங்கள். வட்டிக்கே பணம் போகிறதென்றால் வெளியே இடம் பார்க்கலாம். ஆனால் அந்த 12 பேரும் எங்கிருந்து, எதில் ஏறி வருகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.