ஹெட்போனைக் கழற்றுங்கள்

கேள்வி: எனக்கு வயது 26. இயக்குநராக வேண்டும் என்று வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. பாலு மகேந்திரா பள்ளி நாளில் ஆங்கில இயக்குநர் டேவிட் லீனின் படப்பிடிப்பைப் பார்த்ததுதான் அவரை சினிமாவுக்கு இழுத்தது என்று படித்தேன். எனக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை. கதையும் அமையவில்லை. வீட்டில் மாடி எடுக்கிறார்கள். அம்மா நாள் முழுக்க மேஸ்திரியோடு சத்தம். ஹெட்போன் மாட்டினால்தான் படம் பார்க்க முடிகிறது. நான் அவசியம் பார்க்க வேண்டிய படங்கள் எவை?

பதில்: தம்பி, படப் பெயர் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இரண்டு வருடம் பார்த்தது போதும்.

நீங்கள் படித்தது சரிதான். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த அந்தப் பையன், இலங்கையில் நடந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படப்பிடிப்பைப் பார்த்தான். லீன் 'மழை' என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியது என்று பாலு மகேந்திரா பிற்பாடு வியந்து வியந்து சொல்வார். ஆனால் அதே பையனின் வீட்டில் இன்னொன்றும் நடந்தது. அவன் அம்மா வீடு கட்டினார். கலகலப்பாக இருந்தவர், வேலை தொடங்கியதும் சிடுசிடுப்பாக மாறிப்போனார். மகன் அதை மறக்கவில்லை. 1988இல் அவர் இயக்கிய 'வீடு' படம் வந்தது.

அதில் சிமென்ட் திருட்டைச் சித்தாள் மங்கா போட்டு உடைப்பாளே, பாதி எழும்பிய சுவரைத் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் தடவித் தடவிப் பார்ப்பாரே, அந்த இடங்களை இன்னொரு முறை பாருங்கள். கேமராவை அவருக்குப் புனே திரைப்படக் கல்லூரி கற்றுக்கொடுத்தது. இதை எந்தக் கல்லூரி கற்றுக்கொடுக்கும்?

'மாடி எடுக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள், பக்கத்து வீட்டு விஷயம் போல. யார் எடுக்கிறார்கள்? யார் நகை அடகில் இருக்கிறது? சம்பளமில்லாத மகனுக்கு நாளைக்கு வாடகையாவது வரட்டும் என்று அந்த அம்மா மேஸ்திரியிடம் மூட்டைக் கணக்குக் கேட்டுத் தொண்டை வறளக் கத்துகிறார். காதில் ஹெட்போனோடு 26 வயது ஆண்பிள்ளை அறைக்குள் உட்கார்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பெற்றவளின் பாரத்தில் தோள் கொடுக்காதவன் யாருடைய கஷ்டத்தைப் படமெடுக்கப் போகிறான்?

புதுச் சுவருக்குத் தினமும் தண்ணீர் விட வேண்டும். இப்போது அதையும் அவர்தான் செய்துகொண்டிருப்பார். நாளைக் காலை அந்த ஹோஸை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். சிமென்ட் கணக்கு நோட்டையும்.