ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஏழு கேள்வி

கேள்வி: மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். இங்கிலாந்து போக வேண்டும் என்று ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் ரீடிங்கில் 6 தான் வந்தது, மற்ற மூன்றிலும் தேறிவிட்டாள். வேலை முடிந்து வந்து தினமும் ஒரு டெஸ்ட் போடுகிறாள், மார்க் ஏறவில்லை. கோச்சிங்கில் இன்னும் இரண்டு மாதம் சேரச் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: இப்போது கட்ட வேண்டாம் அம்மா. எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் இன்னும் நூறு டெஸ்ட் போட்டாலும் அதே 6 தான் வரும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய, அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சி கேட்பது, ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5. ரீடிங் தாளில் மூன்று நீண்ட பத்தி, 40 கேள்வி, 60 நிமிடம். ஏறத்தாழ 23 சரியாக இருந்தால் 6, 30 சரியாக இருந்தால் 7. தாளுக்குத் தாள் ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம். ஆக உங்கள் மகளுக்குக் குறைவது அதிகம் போனால் ஏழு கேள்வி. வீட்டில் இருக்கும் பயிற்சிப் புத்தகத்தின் அட்டையையும் ஒரு தடவை பாருங்கள். ஜெனரல் டிரெயினிங் என்று போட்டிருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். அந்தத் தாள் வேறு, அதில் 30 எடுத்தாலும் 6 தான். கடைக்காரர் கொடுத்ததை வாங்கிவந்து மாதக்கணக்கில் அதையே போடுகிறவர்கள் நிறையப் பேர்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். முழுத் தாளை 60 நிமிடத்தில் நீலப் பேனாவில் போடட்டும். முடிந்ததும் விடைப் பக்கத்தைத் திறக்கக் கூடாது. அரை மணி நேரம் ஓய்வு. பிறகு அதே தாளைப் பச்சைப் பேனாவில், நேரக் கணக்கே இல்லாமல், மறுபடி போடட்டும். ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் ஆதாரமான வரியை அடிக்கோடிட வேண்டும். அதற்கு அப்புறம்தான் திருத்த வேண்டும். நீலத்தில் 24, பச்சையில் 33 என்று வந்தால் படிப்பது புரிகிறது, நேரம்தான் போதவில்லை. பச்சையிலும் 25, 26 தான் என்றால் நேரத்தின் மேல் பழி போட்டுப் பயனில்லை. வாசிப்பிலேயே ஏதோ பிசகுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பிசகு பெரும்பாலும் ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்விகளில்தான் இருக்கும். ஒரு கூற்றைப் பத்தி ஆமோதிக்கிறதா, மறுக்கிறதா, அதைப் பற்றிப் பேசவே இல்லையா என்று சொல்ல வேண்டும். அதுவும் நர்சிங் படித்தவர்களுக்கு மருத்துவம் பற்றிய பத்தி வந்தால் கூடுதல் ஆபத்து. ஒரு உதாரணம் சொல்கிறேன். பத்தியில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டில் பரிசோதனைக்கு முன் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்றார், சில மாதங்களில் தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது, ஆனாலும் சக மருத்துவர்கள் பலர் அவர் சொன்ன காரணத்தை ஏற்கவில்லை.

மூன்று கூற்றுகள் தருகிறார்கள். கை கழுவியதால் இறப்பு குறைந்தது: இது ட்ரூ, தகராறு இல்லை. மருத்துவர்கள் எல்லோரும் அவரை ஏற்றுக்கொண்டார்கள்: பலர் ஏற்கவில்லை என்று பத்தியே மறுக்கிறது, ஆகவே ஃபால்ஸ். மூன்றாவது, நோய்க்குக் கிருமிதான் காரணம் என்று செம்மல்வைஸ் கண்டுபிடித்தார். உங்கள் மகள் இங்கே ஃபால்ஸ் போட்டிருப்பாள். கிருமிக் கொள்கை பின்னால்தான் நிலைபெற்றது என்று மைக்ரோபயாலஜியில் படித்திருக்கிறாளே! ஆனால் பத்தியில் கிருமி என்ற பேச்சே இல்லை. விடை நாட் கிவன். ஃபால்ஸ் போட வேண்டுமானால், மறுக்கிற வரியை விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். படித்து வைத்த அறிவுக்கு இந்த ஒரு மணி நேரம் விடுமுறை.

இந்த வகையில் விடைகள் பத்தியின் வரிசையிலேயே வரும். மூன்றாம் கேள்விக்கும் ஐந்தாம் கேள்விக்கும் இடம் கிடைத்துவிட்டால், நான்காவதன் இடம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். அங்கே இல்லை என்றால் நாட் கிவன் என்று எழுதிவிட்டு நகர வேண்டும். இல்லாததைத் தேடி நான்கு நிமிடம் தொலைப்பதுதான் மூன்றாம் பத்தியில் கேள்விகள் மிஞ்சுவதற்குக் காரணம். ஆல், ஒன்லி, சம், மே போன்ற சின்னச் சொற்களைச் சுற்றி வட்டம் போடும் பழக்கமும் வேண்டும். மேலே பார்த்த இரண்டாம் கூற்றைத் தீர்மானித்ததே 'எல்லோரும்' என்ற ஒரு சொல்தான்.

கோடிட்ட இடத்தை நிரப்புவதில் போகும் மார்க்கை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்று தலைப்பிலேயே போட்டிருப்பார்கள். அதே செம்மல்வைஸ் பத்தியில் எதில் கை கழுவச் சொன்னார் என்று கேட்டால், 'எ சொலூஷன் ஆஃப்' என்பது கோட்டுக்கு முன்னாலேயே அச்சாகியிருக்கும். 'குளோரினேட்டட் லைம்' என்று இரண்டு சொல் எழுதினால் ஒரு மார்க். முன்னால் இருப்பதையும் சேர்த்து எழுதினால் பூஜ்யம். எழுத்துப் பிழைக்கும் பூஜ்யம்தான், பத்தியில் கண்ணெதிரே இருக்கும் சொல்லைப் பார்த்து எழுதும்போது கூட. பன்மைக்கான 'எஸ்' விட்டுப்போனாலும் மார்க் போகும். நீலத்தாளில் இப்படிப் போனவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். குறைகிற ஏழில் இரண்டு மூன்று இங்கேயே திரும்பக் கிடைக்கலாம்.

நீண்ட பத்திக்குள் இருக்கும் சிறு பத்திகளுக்குத் தலைப்புப் பொருத்தும் கேள்வி வரிசையில் வராது. முதல் வரியை மட்டும் படித்துத் தலைப்பை ஒட்டுபவர்கள் ஏமாறுவது, பத்தி நடுவில் 'ஹவ்எவர்' (ஆனால்) என்று திரும்பும் இடத்தில். பயிற்சியின்போது, கொடுத்த தலைப்புகளை மூடி வைத்துவிட்டு ஒவ்வொரு சிறு பத்திக்கும் ஐந்து சொல்லில் தானே ஒரு தலைப்பு எழுதட்டும். தமிழிலேயே எழுதலாம். பிறகு திறந்து ஒப்பிட்டால் பாதி தானாகப் பொருந்தும்.

தினமும் ஒரு முழு டெஸ்ட் என்பதை நிறுத்திவிடுங்கள். வார நாளில் ஒரே ஒரு நீண்ட பத்தி, 20 நிமிடம். அதைத் திருத்தி ஆராய 40 நிமிடம். முழுத் தாள் ஞாயிறு மட்டும். ஒரு நோட்டில் நான்கு கட்டம்: கேள்வி எண், வகை, ஆதார வரி, தப்புக்குக் காரணம். காரணத்தை 'கவனக்குறைவு' என்று எழுத விடாதீர்கள், அது ஒன்றையும் சொல்லாது. சொல் தெரியவில்லையா, இடம் கிடைக்கவில்லையா, அறிவை நுழைத்தாளா, நேரம் தீர்ந்ததா என்று பிரித்து எழுத வேண்டும். இரண்டு வாரத்தில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். சொற்களையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். கேள்வியில் 'ரிஜெக்டட்', பத்தியில் 'ரெஃப்யூஸ்ட் டு அக்செப்ட்' என்று ஜோடியாக எழுதி வைப்பது போதும். தேர்வு முழுக்க இந்த மாற்றுச் சொல் விளையாட்டுதான்.

நேரம்தான் பிரச்சினை என்றால் மூன்று பத்திக்கும் இருபது இருபது என்று சமமாகப் பிரிக்க வேண்டாம். போகப் போகக் கடினமாகும். 17, 20, 23 என்று வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் எழுதும் லிசனிங்குக்கு விடையைப் பெயர்த்தெழுதத் தனியாக 10 நிமிடம் உண்டு. ரீடிங்குக்கு அது கிடையாது. தப்பு விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒன்றையும் காலியாக விடக் கூடாது. கம்ப்யூட்டரில் எழுதப் போகிறாள் என்றால் பயிற்சியும் திரையிலேயே நடக்கட்டும். இடப்பக்கம் பத்தி, வலப்பக்கம் கேள்வி என்று இரண்டையும் நகர்த்திப் படிப்பதற்குக் கண் பழக வேண்டும்.

தாள்களுக்கு, தேர்வுத் தாள்களைத் தயாரிக்கும் கேம்பிரிட்ஜ் வெளியிட்டிருக்கும் பழைய தாள்களே போதும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பலதில் நாட் கிவன் விடைகளே தடுமாறும். அதில் பழகினால் சரியான உள்ளுணர்வும் கெட்டுப்போகும்.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது, அதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. ராத்திரி சாப்பிடும்போது 'எத்தனை மார்க்' என்று கேட்காமல், 'இன்றைக்குப் படித்தது எதைப் பற்றி' என்று கேளுங்கள். மூன்று வாக்கியத்தில் தமிழில் சொல்ல வேண்டும். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியவில்லை என்றால், அந்தப் பத்தியை அவள் இன்னும் படிக்கவில்லை, கண்ணால் ஓட்டியிருக்கிறாள்.

மூன்று ஞாயிறு தொடர்ந்து நீலப் பேனாவிலேயே 32 வந்த பிறகு தேர்வுக்குத் தேதி போடுங்கள். அதுவரை கோச்சிங் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பச்சைப் பேனாவிலும் ஆறு வாரமாக 27-ஐத் தாண்டவில்லை என்றால் மட்டும் சேர்க்கலாம். அப்போதும் டெஸ்ட் மட்டும் போட்டுக்கொண்டே இருக்கிற இடம் வேண்டாம். தப்பான ஒவ்வொரு விடைக்கும் எதிரே உட்கார்ந்து காரணம் சொல்லித்தருகிற ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.