சக்கரம் வீசும் ஸீனாவும் சாய்மனைக் கதிரைத் தீர்ப்பும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவள். விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த பேத்தி தன் மடிக்கணினியில் 'ஸீனா: வாரியர் பிரின்சஸ்' என்ற பழைய ஆங்கிலத் தொடரைக் காட்டினாள். அவள் மனம் நோகாமல் ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு எழும்பலாம் என்று இருந்த நான், அவள் திரும்பிப் போன பின்னரும் இரவில் தனியே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கணவரோ சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, "திரோயப் போரும் யூலியஸ் சீசரும் ஒரே பெண்ணின் ஆயுளுக்குள் வருகிற கதையை, வரலாறு படிப்பித்த நீர் பார்க்கலாமோ?" என்று கேட்கிறார். அவர் கேட்பதில் பிழையில்லை என்பதுதான் என் கவலை. அப்படியானால் நான் எதை இரசிக்கிறேன்?
– வாசகி, கொக்குவில்

பதில்: அம்மா, உங்கள் கணவரின் கணக்குச் சரியானது. திரோயப் போரை மரபாகக் கி.மு. 12ஆம் நூற்றாண்டளவில் வைப்பார்கள். சீசர் கொலையுண்டது கி.மு. 44இல். இடையிலே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. போதாததற்குக் கோலியாத்தை வீழ்த்தப்போகும் தாவீதும், பாடல் கட்டப் பழகும் இளைஞனாக ஹோமரும் அதே பெண்ணின் வழியில் எதிர்ப்படுகிறார்கள். ஆனால் இது அறியாமையால் நேர்ந்த பிழையன்று. தாங்கள் விளையாடுகிறோம் என்பதைத் தொடரை ஆக்கியவர்கள் எங்கும் ஒளிக்கவில்லை. பகுதி முடிந்து பெயர்கள் ஓடும்போது, இந்தப் படப்பிடிப்பில் இன்னாருக்கோ இன்னதுக்கோ தீங்கு நேரவில்லை என்று ஒரு நையாண்டி அறிவித்தலையும் சேர்த்துவிடுவார்கள். கூத்துக் களரியில் தருமபுத்திரர் கொலுவிருக்கும்போது கட்டியகாரன் நடுவில் வந்து ஊர்ப் பகிடி விடுகிறான். பாரத காலத்தில் இந்தப் பகிடி ஏது என்று நம்மில் எவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போனதில்லை. எம்.ஜி.ஆர். வாள் சுழற்றிய படங்களைப் பார்க்கும்போது அது எந்த நாடு, எந்த நூற்றாண்டு என்று உங்கள் கணவர் எத்தனை முறை கேட்டார் என்பதையும் ஒருக்கால் விசாரித்துப் பாருங்கள்.

நீங்கள் எதை இரசிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். ஸீனா (இந்தப் பெயரைச் 'சீனா' என்று அச்சிட்டால் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்குப் போய்விடும் என்று எங்கள் அச்சுக்கோப்பாளர் எச்சரித்திருக்கிறார்) நல்லவளாகப் பிறந்து நல்லவளாகவே வாளெடுத்தவள் அல்லள். 1995இல் ஹெர்குலிஸ் பற்றிய வேறொரு தொடரில், மூன்று பகுதிகளுக்கு மாத்திரம் வரும் கொடிய படைத்தலைவியாக அவள் தோன்றினாள். மூன்றாவதில் சாவதாகவே முதலில் திட்டமிட்டிருந்தார்கள். அப்பாத்திரத்துக்குத் தெரிவான நடிகை நோயுற்றதால், அவருடைய இடத்துக்கு நியூசிலாந்துக்காரரான லூசி லோலெஸ் வந்தார். அவர் வந்த பின் ஸீனாவைக் கொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. அதே ஆண்டு செப்ரெம்பர் 4இல் அவளுக்கென்று தனித் தொடர் தொடங்கி, 2001 யூன் வரை ஆறு பருவங்களாக, 134 பகுதிகளாக ஓடியது. ஆக, தொடர் தொடங்கும்போதே அவளுடைய கைகளில் இரத்தம் இருக்கிறது. முதற் பகுதியின் தொடக்கத்தில் அவள் தன் கவசத்தையும் ஆயுதங்களையும் மண்ணில் புதைக்கிறாள். கண்முன்னே ஊர்ப்பெண்கள் தாக்கப்படுவதைக் கண்டு மறுபடியும் அவற்றைத் தோண்டி எடுக்க வேண்டியதாகிறது. அதன்பின் பிறந்த ஊருக்குத் திரும்பினால், பெற்ற தாயே அவளை ஏற்க மறுக்கிறாள், ஊர்ச்சனம் கல்லெடுக்கிறது. ஒரு சாகசத் தொடர் தன் நாயகியை இப்படியா அறிமுகம் செய்யும்?

இன்னும் ஒருபடி மேலே போகிறது கலிஸ்ரோவின் கதை. ஸீனாவின் படை எரித்த ஊரொன்றில் பெற்றோரை இழந்து தப்பிய சிறுமி, வளர்ந்து, சித்தம் கலங்கி, ஸீனாவின் பெயரைக் கெடுப்பதற்காகவே ஊர்களைக் கொளுத்திக்கொண்டு வருகிறாள். அவள் சாட்டும் குற்றம் முழுதும் உண்மை. அவள் செய்யும் காரியம் எதையும் பொறுக்க முடியாது. ஸீனா அவளை வாளால் வெல்லலாம், ஆனால் அவளுக்குச் சொல்ல ஸீனாவிடம் ஒரு பதிலும் இல்லை. கரணம் அடிப்பதையும் தீப்பந்தத்தில் ஊதுவதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நான், அந்தக் காட்சியில் கதிரையில் நிமிர்ந்திருந்தேன். எரிந்த ஊர் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்கள் நாம். இத்தொடர் அமெரிக்காவில் தொடங்கிய மறுமாத இறுதியிலேதான் வலிகாமத்துச் சனம் முழுவதும் மூட்டை முடிச்சுகளோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது; மின்சாரமே இல்லாமல், மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றரை வாடகைக்குப் பிடித்துப் படம் பார்த்த அந்தக் காலத்தில் ஸீனாவை நாம் காணவில்லை. கால் நூற்றாண்டு பிந்தி வந்தாலும் அவளைச் சரியான வயதிலே சந்தித்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

கப்ரியெலையும் மறந்துவிடக் கூடாது. கதை சொல்லும் ஆசையோடு வீட்டை விட்டு ஓடிவந்து ஸீனாவின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் இந்தக் கிராமத்துப் பெண்தான், கல்லெடுத்த சனத்தை வெறும் பேச்சினாலேயே தடுத்து ஸீனாவை மீட்கிறாள். அவ்விருவருடைய உறவை நட்பு என்பாரும் உளர், காதல் என்பாரும் உளர். ஆக்கியோர் அதை வேண்டுமென்றே திறந்துவிட்டிருக்கிறார்கள், நானும் மூடப் போவதில்லை.

கேள்வி: ஸீனா எறிகின்ற வளையம் நாலு சுவரில் பட்டுத் தெறித்து, நாலு பேரை வீழ்த்தி, அவளுடைய கைக்கே திரும்பி வருகிறதே, அப்படி ஓர் ஆயுதம் உண்மையில் உண்டா?
– மாணவன், பருத்தித்துறை

பதில்: ஆயுதம் உண்டு, தம்பி, திரும்பி வருவதுதான் இல்லை. தொடரிலும் அதன் பெயர் சக்ரம், அதாவது நம்முடைய சக்கரம். வெளிவிளிம்பு கூராக்கப்பட்ட தட்டையான உருக்கு வளையத்தை விரலில் சுழற்றியோ, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்தோ வீசும் வழக்கம் இந்தியாவில் நெடுங்காலம் இருந்தது. சீக்கியரில் நிகாங்குகள் அதைத் தலைப்பாகையில் செருகிக்கொள்வதை இன்றும் காணலாம். எறிந்த சக்கரம் பட்ட இடத்திலேயே விழும், எறிந்தவர்தான் போய் எடுக்க வேண்டும். ஏவியவர் கைக்கே மீள்வது திருமாலின் சக்கரம் ஒன்றுதான். அந்தச் சக்கரத்தையே மூலஸ்தானத்தில் வைத்து வழிபடும் வல்லிபுர ஆழ்வார் கோயில் உமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்க, நீர் ஒக்லாந்துப் பக்கத்தில் படமாக்கிய தொடரைப் பார்த்து என்னிடம் கேட்கிறீர்!

அவள் பாய்கிற பாய்ச்சல்கள் ஹொங்கொங் வாள்வீச்சுப் படங்களிடம் கற்றவை. கம்பியில் தொங்கவிட்டுப் பறக்க வைப்பார்கள். கடினமான சண்டைகளுக்குப் பதிலாள் உண்டு. போர்க்குரலைக் கேட்டால், மட்டக்களப்புப் பக்கத்து அம்மன் கோயில்களில் பெண்கள் இடும் குரவை எனக்கு நினைவு வரும். இதிலே ஒரு வேடிக்கையும் நடந்தது: 1996 ஒக்ரோபரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்தபோது லூசி லோலெஸ் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். படப்பிடிப்பு நிற்க முடியாது. ஆகவே ஸீனாவின் உயிர் கலிஸ்ரோவின் உடலுக்குள் இருப்பதாகக் கதையைத் திருத்தி, ஒரு பகுதி முழுவதும் கலிஸ்ரோவாக வரும் ஹட்சன் லீக்கையே ஸீனாவாக நடிக்க வைத்தார்கள். கூடுவிட்டுக் கூடு பாய்தல் நம் சித்தர்களுக்கு மட்டும் வாய்த்த வித்தை என்றிருந்தேன். அது தயாரிப்பாளர்களுக்கும் கைவந்திருக்கிறது.

கேள்வி: இத்தொடரில் கண்ணனையும் அனுமனையும் பாத்திரங்களாக்கி இழிவுபடுத்தினார்கள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகளோடு இருந்து பார்க்கலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது நான்காம் பருவத்தில், 1999இல் வந்த பகுதி. ஸீனாவும் கப்ரியெலும் இந்தியாவுக்குப் போக, அங்கே அனுமன் வழிகாட்ட, கண்ணன் துணைவர, எதிரியாக இந்திரசித்து நிற்கிறான். கம்பராமாயணம் ஒரு பாட்டேனும் கேட்டவருக்கு, இந்திரசித்து கண்ணன் காலம்வரை எப்படி உயிரோடிருந்தான் என்ற கேள்விதான் முதலில் எழும். இந்து அமைப்புகள் சில எதிர்ப்புத் தெரிவித்ததனால் அப்பகுதி சிறிது காலம் விலக்கப்பட்டு, பின்னர் வெட்டுகளுடன் திரும்பி வந்தது. நான் பார்த்த அளவில் அதில் வெறுப்பு இல்லை. கண்ணனை மதிப்போடுதான் காட்டுகிறார்கள். கவனக்குறைவு இருக்கிறது. கிரேக்கப் போர்த் தெய்வமான ஆரெஸைக் குறும்புக்காரனாகவும் காமுகனாகவும் காட்டியபோது எவரும் நோகவில்லை, ஏனென்றால் ஆரெஸுக்கு இன்று விளக்கேற்றி வைக்கும் வீடு எங்கே இருக்கிறது? கண்ணனுக்கு எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வீடு உண்டு. வழிபாட்டில் இருக்கும் தெய்வத்தையும் வழிபாடு ஒழிந்த தெய்வத்தையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பொம்மைகள்போல ஆடவிட்டதே அவர்கள் விட்ட பிழை. பிள்ளைகளைப் பொறுத்தவரை, எனக்கு இதைவிடப் பெரிய தயக்கம் சிலுவையில் அறையும் காட்சிகளிலேதான். சின்னஞ்சிறுசுகள் அவற்றைப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: வாளெடுத்த பெண்ணைப் பார்க்க அந்நியநாட்டுத் தொடர்தான் வேண்டுமா? நம்மிடம் கதை இல்லையா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: கதைக்குப் பஞ்சமில்லை. 1780இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியார் வரலாற்றுப் பெண். அவரைக் கற்பனைக்குள் இழுக்க வேண்டியதில்லை. திரையிலும் நாம் பின்தங்கியிருக்கவில்லை: 1935இல் பம்பாயில் நாடியா சவுக்கோடு குதிரையேறினார், 1937இல் கே. டி. ருக்மணி 'மின்னல்கொடி'யில் கொள்ளைக்காரியாக வாள் பிடித்தார்.

எங்கள் ஊர்க் கதைகளைப் பாருங்கள். யாழ்ப்பாண வைபவமாலை சொல்லும் மாருதப்புரவீகவல்லி, குதிரைமுகத்தோடும் தீராநோயோடும் கடல் கடந்து பரிவாரத்துடன் வந்து, கீரிமலையில் நீராடிச் சுகமடைந்த சோழ இளவரசி. மாமுகம் விட்ட புரமே மாவிட்டபுரம் என்பது நம் வழக்கு. ஆனால் கதையின் முற்பாதியில் தானே கடல் கடந்து வந்தவளைப் பிற்பாதியில் உக்கிரசிங்கன் இரவோடிரவாகத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான், அதற்குப் பிறகு அவள் என்ன நினைத்தாள் என்று கதை சொல்வதில்லை. கீழ்க்கரையிலே, குழந்தையாகப் பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டுக் கரையொதுங்கி, வளர்ந்து அரசியான ஆடகசவுந்தரி, திருகோணமலையில் கோயில் கட்டும் குளக்கோட்டனை விரட்டப் படையனுப்புகிறாள். முடிவில் அவனையே மணக்கிறாள். அல்லியின் நிலைமையும் இதுதான். மதுரையை ஆண்ட, ஆண்வாடையே ஆகாத அந்த அரசாணியை நேர்நின்று வெல்ல இயலாமல், அருச்சுனன் பாம்பாக உள்ளே நுழைந்து உறக்கத்தில் தாலி கட்டிவிட்டுப் போகிறான்.

மூன்றிலும் பெண் பெரியவளாகத்தான் தொடங்குகிறாள். மூன்றிலும் கலியாணம் வந்து கதையைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறது. ஸீனாவுக்குப் பிள்ளை பிறக்கிறது, பிள்ளையால் துயரும் வருகிறது, ஆயினும் கதை அவள் கையைவிட்டுப் போவதேயில்லை. நம்முடையவர்களில் ஸீனாவுக்கு மிக நெருங்கிய உறவுக்காரி அல்லிதான். விழித்தெழுந்து கழுத்தில் தாலியைக் கண்ட அவளுடைய சினத்திலிருந்தே முதற் பகுதியைத் தொடங்கத் துணிகின்ற எழுத்தாளர் யாழ்ப்பாணத்தில் இருந்தால், நான் காத்திருக்கிறேன்.

கேள்வி: 134 பகுதியும் பார்க்க எனக்குப் பொழுதில்லை. எங்கே தொடங்கி எங்கே விடலாம்?
– வாசகி, சங்கானை

பதில்: முதற் பகுதியைத் தவறவிடாதீர்கள், அடுத்து முதற் பருவத்தின் கடைசிப் பக்கத்தில் கலிஸ்ரோ வருவதைப் பாருங்கள். அவை பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். பிடித்தால் இரண்டாம், மூன்றாம் பருவங்களே தொடரின் உச்சம். ஐந்தாவதிலிருந்து ஏற்ற இறக்கம் உண்டு. ஜப்பானில் நிகழும் கடைசி இரண்டு பகுதிகளைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். இரசிகர் பலருக்கு அந்த முடிவு இன்றும் ஆறவில்லை, எனக்கும் அன்றிரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

கேள்வி: ஒரு கோளுக்கே ஸீனாவின் பெயரை வைத்தார்கள் என்கிறார்களே, மெய்யா?
– வாசகர், நெல்லியடி

பதில்: பாதி மெய். 2005இல் புளூட்டோவுக்கு அப்பால் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்ததாக அறிவித்த வானியலாளர்கள், முறையான பெயர் கிடைக்கும்வரை அதைத் தமக்குள் ஸீனா என்றும், அதன் சந்திரனைக் கப்ரியெல் என்றும் அழைத்தார்கள். 2006இல் கோளுக்கு ஏரிஸ் என்று ஒரு கிரேக்கத் தெய்வத்தின் பெயரைச் சூட்டினார்கள். சந்திரனுக்கு இட்டது டிஸ்னோமியா என்ற பெயர். கிரேக்கத்தில் அதற்குச் சட்டமின்மை என்று பொருள். லோலெஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் சட்டமற்ற என்பதுதானே பொருள்!